ஓலைக்கு வந்தவர்

இந்த வருடம் எங்கள் லெந்து தவக்காலமும் முஸ்லிம்களின் நோன்பும் சேர்ந்தாற்போல் வருகின்றன. கல்முனை பஜாரில் பேரீச்சம்பழப் பெட்டிகள் கடை வாசல் தாண்டி நடைபாதைக்கு வந்துவிட்டன. நான் கையில் ஓர் உமலைத் தூக்கிக்கொண்டு, பனையோலையில் பின்னிய பழைய பை அது, எங்கள் சபையார் வீடுகளுக்கு நடந்துகொண்டிருந்தேன். மருந்துக்கடை நானா கண்டுவிட்டார்.

"என்ன ரீச்சர், ஓலைச் சீசன் தொடங்கிட்டா?"

"ஓம் நானா. உங்களுக்குப் பேரீச்சம்பழம், எங்களுக்கு ஓலை."

"அந்த அம்மா இருந்தா இந்நேரம் நாலு தரம் இந்த வழியால போயிருப்பா" என்றார் அவர். வியாபாரி சொல்கிற ஒரு சாதாரணப் பேச்சு. ஆனால் அதற்குப் பிறகு இரண்டு வீடுகளைக் கவனமில்லாமல் தாண்டிப் போய், திரும்பி வரவேண்டியதாயிற்று.

எங்களுடையது ஒரு சின்ன அங்கிலிக்கன் கோயில். குருத்தோலை ஞாயிறன்று எல்லாருக்கும் தென்னங்குருத்தில் மடித்த ஒரு சிலுவை கொடுப்பார்கள். அதை வீட்டுக்குக் கொண்டுபோய் கலண்டருக்குப் பின்னாலோ நிலைக்கு மேலோ செருகி வைப்போம். வருடம் முழுக்க அது அங்கேயே காய்ந்து கிடக்கும். அடுத்த லெந்து தொடங்குமுன் அவற்றையெல்லாம் சேர்த்து எரித்து, அந்தச் சாம்பலால்தான் சாம்பல் புதனன்று பாதர் எங்கள் நெற்றியில் சிலுவை போடுவார். சேர்ப்பதும் எரிப்பதும் முப்பது வருடத்துக்குக் கிட்ட ஒரே ஒருவரின் வேலையாக இருந்தது. அவர் பெயரை எழுதப்போவதில்லை. கோயில்காரருக்கு எழுதாமலே தெரியும். ஊருக்கு அவர் ஓலைக்கார அம்மா. நான் அக்கா என்றேன். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், ஆனாலும் என்னை ரீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

மெலிந்த உருவம். எப்போதும் சின்னப் பூப்போட்ட சேலை. கையில் ஒரு குடை இருக்கும், ஆனால் எந்த வெயிலிலும் அதை விரித்துப் பார்த்தவர் இல்லை. ஊன்றுகோலுக்குப் பதில் வைத்திருந்தார். பஜார்க் கடைகளுக்குத் தலையணை உறை தைத்துக் கொடுத்துப் பிழைத்தவர் என்பதால் தோளில் எங்காவது ஒரு நூல்துண்டு ஒட்டியிருக்கும். யார் வீட்டுக் கேற்றையும் தானாகத் திறக்கமாட்டார். வெளியே நின்று "ஓலை இருக்கா?" என்று ஒருமுறை கூப்பிடுவார். உட்காரச் சொன்னால் உட்காரமாட்டார். ஓலையை வாங்கி, அதைத் தடவி நேராக்கி, உமலுக்குள் படுக்க வைத்துவிட்டுப் போய்விடுவார்.

நாலு நாளில் நாற்பது வீடு. முன்னறிவிப்பில்லாமல் போகிறவர் கண்ணில் என்னதான் படாது? எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை, எந்த வீட்டு மகன் பகலிலேயே குடித்துவிட்டுப் படுத்திருக்கிறான், எந்தப் புருசனும் மனைவியும் முகம் பார்க்காமல் நடக்கிறார்கள், எல்லாம் படும். வேறொருவர் என்றால் கோயிலுக்குத் தனியாகப் பத்திரிகை தேவைப்பட்டிருக்காது. இவரிடம் போன செய்தி கிணற்றில் போட்ட கல்தான்.

எங்கள் சபையில் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் உண்டு. அவர் மனைவிக்கு ஊர் வீடுகளின் செய்தியில் கணவரைவிட அக்கறை. ஒருமுறை நான் அங்கே இருந்தபோது அக்கா ஓலைக்கு வந்தார். அந்த அம்மா அவரை விடாப்பிடியாக நிறுத்தி, ஒரு கோப்பைத் தேநீரைக் கையில் கொடுத்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"மேல் வீதி வீட்டுல அண்ணனும் தம்பியும் நடு முற்றத்துல மதில் கட்டுறாங்களாமே, உண்மையா?"

"தெரியாது புள்ள. நான் ஓலைக்குத்தானே போனன்."

"போனா கண்ணுல படாதா?"

"ஓலை பட்டுச்சு" என்றார் அக்கா. தேநீரை நின்றபடியே குடித்து, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் புறப்பட்டார். தபாலதிபர் மனைவி அன்று முழுக்கப் புழுங்கினார். நான் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சிரித்தேன்.

பேசாமல் இருப்பது அக்கறை இல்லாததால் என்று நானும் கொஞ்ச காலம் நினைத்ததுண்டு. அது அப்படியில்லை என்பதைப் பின்னாளில் பாதர்தான் சொன்னார். அந்த மதில் கட்டிய வாரம் அக்கா பாதரிடம் போய், "பாதர் ஒருக்கா மேல் வீதிப் பக்கம் போய் டீ குடிச்சிட்டு வாங்களன்" என்றாராம். "ஏன், அங்க என்ன பிரச்சினை?" என்று பாதர் கேட்டிருக்கிறார். "டீ நல்லா ஊத்துவாங்க" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. பாதர் போனார். மதில் வேலை நின்றுவிடவில்லை, ஆனால் அதில் போய்வர ஒரு படலை வைத்தார்கள். அக்காவின் வழி அது.

கடல் வந்த அந்த மார்கழிக்கு அடுத்த லெந்தையும் சொல்லவேண்டும். கரையோரத்து வீடுகள் போய்விட்டன. அக்காவின் வீடும் போனது, தையல் மெசினோடு. எங்கள் சபையாரில் பாதிப்பேர் பாடசாலை வகுப்பறைகளில் படுத்திருந்தோம். கலண்டரே இல்லாத ஆட்களிடம் அதற்குப் பின்னால் செருகிய ஓலைக்கு எங்கே போவது? அக்கா ஆனாலும் வந்தார். ஒவ்வொரு வகுப்பறை வாசலிலும் கொஞ்ச நேரம் நின்றார், அந்த முறை வாய் திறந்து கேட்கவில்லை. உள்ளூரில் வீடு தப்பியவர்களிடம் கிடைத்ததெல்லாம் ஒன்பதோ பத்தோ ஓலை. இது எப்படி எல்லாருக்கும் காணும் என்று நான் கேட்டேன்.

"நெத்தி எவ்வளவு பெருசு ரீச்சர்? ஒரு விரல் அளவுதானே" என்றார்.

அந்தச் சாம்பல் எல்லாருக்கும் போதுமாக இருந்தது. மிஞ்சியும் இருந்தது. இதை நான் நேரில் பார்த்தவள். பார்த்ததை ஞாபகம் வைத்திருக்கவில்லை என்பதுதான் என் கதை.

நான் சாய்ந்தமருதில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்தேன். கோயில் கமிட்டியில் செயலாளர். லெந்து காலப் புதன்கிழமைகளில் நடக்கும் வேதப்படிப்பையும் நானே நடத்தினேன். மூன்றும் சேர்ந்தால் ஒரு மனுசிக்கு எவ்வளவு தலைக்கனம் வருமோ அவ்வளவும் எனக்கு வந்திருந்தது. கடல் வந்து பல வருடம் கழித்து, ஒரு வருடத் தொடக்கத்தில் என் கணவர் என்னோடு சண்டை பிடித்துக்கொண்டு மட்டக்களப்பில் தன் தாய் வீட்டுக்குப் போயிருந்தார். கந்தோர் வேலையில் தற்காலிக இடமாற்றம் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்தேன். சொல்லிவிட்டேனே தவிர, கொடியில் அவருடைய சேட்டு ஒன்றுகூட இல்லாத முற்றத்துக்கு முன்னால் அக்கா வந்து நின்று "ஓலை இருக்கா?" என்று கேட்பதை நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. ஊரிலேயே வாய் திறக்காத ஒருவருக்குப் பயந்தேன்.

ஆகவே சீர்திருத்தம் செய்தேன். ஒரு ஞாயிறு பூசை முடிந்து கோயில் முன்றிலில் அக்காவைப் பிடித்தேன்.

"அக்கா, இந்த முறை நீங்க வெயில்ல அலைய வேணாம். வாசல்ல ஒரு பெட்டி வைக்கிறன், ஆக்கள் கொண்டுவந்து போடட்டும். எரிக்கிறதையும் நானே பாக்கிறன்."

அவர் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"சரி ரீச்சர். ஒரு விசயம் சொல்லணும், சாம்பல் குழைக்கக்குள்ள..."

"எனக்குத் தெரியும் அக்கா. நான் விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆள்."

"ஓம், அதும் சரிதான்" என்றார். நான் அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். பெட்டி வைப்பதை மட்டும் கோயிலில் அறிவித்தேன். எரிக்கும் வேலை கைமாறியதை எங்கள் இரண்டு பேரையும் தவிர யாருக்கும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்றில்லை, அதைப் பெரிய விசயமாக நினைக்கவில்லை.

அந்த மாதமே பாதர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் என் வீட்டுக்குத் தேநீர் குடிக்க வந்தார். கணவரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கொடியைப் பார்த்தார், தேநீர் நல்லாயிருக்கிறது என்றார், போனார். அவரை அனுப்பியது யார் என்று விளங்க எனக்கு ஒரு வருடம் எடுத்தது. பெட்டி வைத்து நான் மறைக்கப் பார்த்தது அக்காவுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

பெட்டியில் பதினொரு ஓலை விழுந்தது. வாசலில் வந்து ஒருவர் கேட்டால்தான் கலண்டருக்குப் பின்னால் கை போகும், இல்லாவிட்டால் எல்லாருக்கும் மறதி. சாம்பல் புதனுக்கு முதல்நாள் பின்னேரம் கோயில் மண்டபத்தில் வழக்கம்போல் தேங்காய்ப்பூவும் சர்க்கரைப் பாணியும் வைத்துப் பான்கேக் சுட்டோம். அதில் நேரம் போய்விட்டது. இருட்டுப் பட வீட்டுக்கு வந்து அவசர அவசரமாக ஓலைகளைக் கொளுத்தினேன். வாசல் பெட்டிக்குள் மழை இறங்கியிருந்ததால் பாதி ஈரம். கிடைத்த சாம்பலை அரித்தால் ஒரு தேக்கரண்டிகூட வராது போலிருந்தது. அடுப்பைப் பார்த்தேன். தேங்காயின் பொச்சுமட்டை எரித்த சாம்பல் குவிந்து கிடந்தது. ஓலையும் தென்னை, மட்டையும் தென்னை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லி, அதில் இரண்டு கரண்டியை அள்ளிப் போட்டேன். கொஞ்சம் தண்ணீர் விட்டுக் களிபோல் குழைத்து மூடி வைத்தேன். விடியற்காலையில் கொண்டுபோய், பாதர் உடுப்பு மாற்றும் அறையின் மேசையில் வைத்தேன்.

ஆறு மணிப் பூசையில் எல்லார் நெற்றியிலும் அது ஏறியது. முடிந்து வெளியே வந்து தேநீர் குடிக்கும்போது எனக்கு நெற்றி கடித்து எரிந்தது. வியர்வை என்று நினைத்தேன். அப்போது அக்கா தண்ணீர்க் குழாயடியில் சேலைத் தலைப்பை நனைத்துக்கொண்டு, தபாலதிபரின் பேத்தியைப் பிடித்து அவள் நெற்றியை அழுத்தித் துடைப்பதைக் கண்டேன். பூசை முடிந்து அரைமணி நேரம் ஆகவில்லை, சாம்பலைத் துடைக்கிறாரே என்று எல்லாரும் பார்த்தார்கள். "கழுவுங்க, எல்லாரும் நல்லாக் கழுவுங்க" என்றார் அக்கா. வேலைக்கும் பாடசாலைக்கும் போகும் அவசரத்தில் பாதிப்பேர் கழுவவில்லை.

மத்தியானத்துக்குள் தோல் சிவந்து கொப்பளித்தது. சிலருக்கு அச்சொட்டாக ஒரு சிலுவை. மருந்துக்கடை நானா களிம்பு எடுத்துக் கொடுத்து அலுத்துவிட்டார். "உங்கட கோயில்ல இண்டைக்கு என்னதான் நடந்த ரீச்சர்?" என்றார் என் நெற்றியைப் பார்த்து.

எனக்கு அதற்கு முன்பே தெரிந்துவிட்டது. மூன்றாம் பாடத்துக்கு ஆய்வுகூடத்துக்குள் போனவுடன் தெரிந்துவிட்டது. அடுப்புச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, சிவப்புப் பாசிச்சாயத்தாளைத் தோய்த்து, அது நீலமாவதைக் காட்டி, "இது காரம், தோலில் படக்கூடாது" என்று வருடா வருடம் பிள்ளைகளுக்குச் சொல்பவள் நான். அந்தப் பரிசோதனையை அந்த முறை கோயிலாரின் நெற்றியில் செய்திருக்கிறேன். பிள்ளைகள் "என்ன மிஸ் நெத்தியில?" என்று கேட்டார்கள். பூச்சி கடித்தது என்றேன். பொய் அன்று அங்கேதான் தொடங்கியது.

ஞாயிறு பூசை முடிந்து கமிட்டி கூடியது. தபாலதிபர்தான் முதலில் பேசினார். பேத்தியின் நெற்றியில் புண், அவர் கோபத்தில் நியாயம் இருந்தது.

"அவக்கு வயசு போயிட்டு. கண்ணும் வடிவாத் தெரியுதில்ல. பிழை எண்டு தெரிஞ்சுதானே அண்டைக்கு ஓடி ஓடித் துடைச்சவ. இனி இந்த வேலைய அவட்டக் குடுக்க ஏலா."

அக்காவைக் கூப்பிட்டார்கள். வந்து கதவருகில் நின்றார். அவர் நெற்றியிலும் அதே சிவப்புச் சிலுவை. பாதர் மெதுவாக, என்ன நடந்தது என்று கேட்டார். அக்கா என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒருவேளை நான் எழும்பியிருப்பேன் என்று பல காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டதுண்டு. அதுவும் ஒரு சாட்டுத்தான்.

"பிழை நடந்துட்டு பாதர்" என்றார். பிறகு தபாலதிபரிடம், "புள்ளைக்கு நெத்தி ஆறுதா?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். தான் செய்யவில்லை என்றும் சொல்லவில்லை, தான் செய்ததாகவும் சொல்லவில்லை. மிச்சத்தைக் கமிட்டி தானாக விளங்கிக்கொண்டது. செயலாளர் நான்தானே, கூட்டறிக்கைக் கொப்பியில் எழுதினேன்: சாம்பல் தயாரிப்பவர் தமது பிழையை ஏற்றுக்கொண்டார். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், பாடசாலையில் பேர் வாங்கிய கையெழுத்து. அடுத்த தீர்மானத்தையும் எழுதினேன். இனிமேல் அந்த வேலையை ரீச்சர் பொறுப்பெடுப்பது. "படிச்ச ஆள், அளவாச் செய்வா" என்று தபாலதிபர் முன்மொழிந்தார். எல்லாரும் கை உயர்த்தினார்கள். நானும் உயர்த்தினேனா என்று ஞாபகம் இல்லை. உயர்த்தியிருப்பேன்.

அதற்குப் பிறகு நடந்தவை சின்னச் சின்ன விசயங்கள். பீடத்துத் துணிகளைத் தோய்ப்பதற்கு வேறொருவரைப் பிடித்தார்கள். அக்கா கழுவி வைத்த கோப்பையை யாராவது எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பார்கள். ஒருநாள் காலை என் கேற்றில் இந்த உமல் தொங்கிக்கொண்டிருந்தது. வந்து கூப்பிடாமல் மாட்டிவிட்டுப் போயிருந்தார். லெந்துப் படிப்புக்கு மட்டும் ஒரு புதனும் தவறாமல் வந்தார். அந்த வருடம் நாங்கள் எடுத்த தலைப்பு பாவ அறிக்கை. ஆறு புதன்கிழமைகள் நான் முன்னால் நின்று அதை விளக்கினேன், அவர் கடைசி வரிசை வாங்கில் இருந்து கேட்டார். ஏதாவது ஒரு கேள்வி கேட்பார், ஒரு பார்வை பார்ப்பார் என்று ஒவ்வொரு கிழமையும் எதிர்பார்த்துப் பயந்தேன். ஒன்றுமில்லை. "இண்டைக்கு நல்லா விளங்கப்படுத்தினீங்க ரீச்சர்" என்று சொல்லிவிட்டுக் குடையை ஊன்றிக்கொண்டு போவார். அவர் குத்திக் காட்டியிருந்தால் எனக்குப் பெரிய உதவியாக இருந்திருக்கும்.

பாதரிடம் சொல்வதற்கு மூன்று தரம் போனேன். முதல் தரம் கோயில் கூரை ஒழுகுவதைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன். இரண்டாம் தரம் அவர் இல்லை. மூன்றாம் தரம் கேற்றடியில் நின்று, அவர் இருக்கிறார் என்று தெரிந்ததும் திரும்பிவிட்டேன். பேத்தியின் நெற்றி ஒரு மாதத்தில் ஆறியது. என் கணவரும் திரும்பி வந்தார். ஊர் எல்லாவற்றையும் மறந்தது, ஓலைக்கார அம்மாவுக்குக் கண் தெரியாது என்பதைத் தவிர.

அந்தக் கொப்பி இன்றும் கோயில் அலுமாரியில் இருக்கிறது. சாவி என்னிடம். அந்தப் பக்கத்தைத் திருத்தப் பேனையோடு போய்த் திரும்பி வந்திருக்கிறேன். யாருக்காகத் திருத்துவது? அக்கா அடுத்த வருட ஈஸ்டரைக் காணவில்லை. அவரை அடக்கம் செய்த அன்று தபாலதிபர் நல்ல மனுசி என்று சொல்லி அழுதார். கடைசிக் காலத்தில்தான் கொஞ்சம் தவறிப் போனா என்றும் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன்.

கடைசியாக அவரைப் பார்த்தது அந்த அடுத்த வருட லெந்து தொடங்குவதற்கு முந்திய வாரம். பெட்டி சரிவராது என்று எனக்கு விளங்கிவிட்டதால் உமலைத் தூக்கிக்கொண்டு வீடுவீடாகப் போனேன். அவர் வீட்டைக் கடைசிக்கு வைத்தேன். கடலுக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீட்டுத் திட்டத்தில், வரிசையின் கோடியில் இருந்தது. இந்த முறை சொல்லியே தீருவது என்று முடிவெடுத்திருந்தேன். வழியெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். அக்கா, நான் பாதரிட்டயும் கமிட்டியிலயும் உண்மையச் சொல்லப் போறன். அதுதான் வாக்கியம்.

கேற்றுக்கு வெளியே நின்று "ஓலை இருக்கா அக்கா?" என்றேன்.

உள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. "என்னால எழும்ப ஏலா, உள்ள வாங்க ரீச்சர்."

தையல் மெசினுக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தார், கால் இரண்டும் வீங்கி ஒரு வாங்கில் நீட்டியபடி. எத்தனை வீடு முடிந்தது, வெயில் எப்படி என்று கேட்டார். எந்த வீட்டில் என்ன கண்டேன் என்று கேட்கவில்லை. கேள்விகள் முடிந்தபிறகும் நான் போகாமல் நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன ரீச்சர், என்னவும் கதைக்கணுமா?"

வாக்கியம் முழுதாக வாய்க்குள் இருந்தது.

"இல்லக்கா" என்றேன். "ஓலைக்குத்தான் வந்தன்."

அவர் தலையாட்டினார். மெசின் லாச்சியைத் திறந்து, துணித்துண்டில் சுற்றிய ஓலையை எடுத்துத் தடவி நேராக்கி என்னிடம் தந்தார். பிறகு அதே லாச்சிக்குள்ளிருந்து ஒரு சின்ன மருந்துப் போத்தலை எடுத்தார். அடியில் கொஞ்சம் தேங்காயெண்ணெய்.

"போன முறை சொல்ல வந்து சொல்லாம விட்டுட்டன். நான் நிண்டு சொல்லியிருக்கணும், அது என்ட பிழைதான்" என்றார். "சாம்பலுக்குத் தண்ணி வேணாம் ரீச்சர். இதுல ரெண்டு சொட்டு, அவ்வளவுதான்."

நான் போத்தலை வாங்கிக்கொண்டேன். சரி அக்கா என்றேன்.